கடைசி பெஞ்சில் உட்கார்ந்த ஐயர்

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறார்கள். நலம் விசாரித்து முடித்ததும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். "ஐயா, கனிதரும் கிறிஸ்தவ வாழ்க்கைக்கு ஒங்க அனுபவத்துல இருந்து நாலு டிப்ஸ் சொல்லுங்க." டிப்ஸாம். வேட்டியில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்க வழி கேட்பதுபோலக் கேட்கிறார்கள்.

இப்போது எங்கே திரும்பினாலும் இந்தக் கனிப் பேச்சுதான். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பேனர், கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் பேனர். கோட்டுப் போட்ட ஒருவர் கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஆப்பிளும் திராட்சையும் கொட்டிக் கிடக்கும். நம் பக்கத்தில் விளைகிற கொய்யாவோ சீதாப்பழமோ அந்தப் படத்தில் ஒருநாளும் வந்ததில்லை. காஷ்மீரிலிருந்து வந்தால்தான் கனி என்று ஒத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. மூன்று நாள் முகாம், மதிய உணவு உண்டு, முடித்துவிட்டு வெளியே வந்தால் நீங்கள் கனி கொடுக்கும் மரம். வேப்பங்கன்றுகூட இதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ளும்.

நான் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அது பெரிய பதவி ஒன்றும் இல்லை. போதகருக்குக் கீழே, கோயில் மணி அடிப்பவருக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். ஒரு ஐயருக்கு ஏழெட்டு ஊர்ச் சபைகள் இருக்கும், அதைச் சேகரம் என்போம். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது, சண்டை விலக்குவது, செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் உபதேசியார் தலையில் விழும். நன்றி மட்டும் ஐயருக்குப் போகும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நன்றியை வாங்கி வைக்க என் வீட்டில் இடமும் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மூன்று தலைப்பாகப் பிரித்துப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அன்பா, மூன்று. பாவமா, மூன்று. புதிதாகக் கல்யாணமான நாட்களில் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். "மூணாப் பிரிச்சது போதும், ரேஷன் கடையில கூட்டம் சேர்றதுக்குள்ள போயிட்டு வாங்க" என்று என் மனைவி ஒருநாள் பையைக் கையில் திணித்தாள். என் பயிற்சி அன்றோடு முடிந்தது.

மற்றதைக் கற்றுக்கொண்டது பொன்னையா ஐயரிடம். திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் பக்கத்துச் சேகரம் அது. ஐயர் ஒல்லியான மனிதர். ஒரு பழைய டிவிஎஸ் வண்டியில் வருவார். வெள்ளை அங்கியை மடித்து மஞ்சள் பையில் போட்டு வண்டிக் கொக்கியில் மாட்டியிருப்பார். அது அங்கி என்று தெரியாதவர்கள் கத்தரிக்காய் என்றுதான் நினைப்பார்கள். பிரசங்கம் சின்னதாக இருக்கும். சனங்கள் உட்கார்ந்து, விசிறியை எடுத்து, வெற்றிலை வாயைத் துடைத்துத் தயாராவதற்குள் ஆமென் சொல்லிவிடுவார். இதற்காகவே அவர்மேல் புகார் உண்டு.

வீடு சந்திக்கப் போனால் நடக்கிற விதமும் தனி. உட்காரச் சொல்லும்வரை நிற்பார். எங்கே காட்டுகிறார்களோ அங்கே உட்காருவார். "ஜெபம் பண்றீங்களா, பைபிள் வாசிக்கிறீங்களா" என்று நான் பார்த்த எந்த வீட்டிலும் அவர் கேட்டதில்லை. "மாமியாருக்கு யாரு சோறு போடுறா?" என்று கேட்பார். "பக்கத்து வீட்டோட பேசுறீங்களா?" என்பார். ஜெபிக்கச் சொன்னால் வராத வியர்வை இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் வரும். பதில் வரும்வரை அவர் தம்ளரில் இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பார். அவசரமே கிடையாது. பதில் வந்ததும் கண்ணை மூடி நான்கு வரி ஜெபம், "அப்ப நான் வாரேன்", வண்டிச் சத்தம்.

சாட்சி விஷயத்தில் அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாட்சி என்றால், ஆராதனையில் ஒருவர் எழுந்து முன்னால் வந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன் சொல்வது. நல்ல வழக்கம்தான். ஆனால் நான் கேட்ட சாட்சிகளில் பெரும்பாலானவை மாடி வீட்டைப் பற்றியும், மகனுக்குக் கிடைத்த துபாய் விசாவைப் பற்றியும்தான். என் பொறாமை குறைந்தது, என் நாக்கு அடங்கியது என்று ஒருவரும் சாட்சி சொல்லிக் கேட்டதில்லை. அதெல்லாம் கிரகப்பிரவேசம் வைக்க முடியாத நன்மைகள்.

பொன்னையா ஐயர் கட்டுப்பாடு இதுதான். சாட்சி சொல்ல விரும்புகிறவர் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடாதோ அவரிடம் விசாரிக்க வேண்டும். மருமகளாக இருக்கலாம், வேலைக்கு வருகிற அம்மாவாக இருக்கலாம், கால் நடக்காத சித்தப்பாவாக இருக்கலாம். அவர் தலையாட்டினால்தான் இவர் மைக் பிடிக்க முடியும். இந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு எங்கள் சேகரத்தில் சாட்சி ரொம்பவும் அருகிப்போனது. ஆராதனை சீக்கிரம் முடிந்தது.

சபைக் கமிட்டிச் செயலாளர் தேவதாஸ் ஒரு முறை வந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர், கோயிலுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உபவாசம் இருப்பதால் தன் வாழ்க்கை எப்படிக் கனி கொடுக்கிறது என்று சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னார். நான் வழக்கப்படி அவர் ஆலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கெழமையா? அன்னைக்குப் புள்ளைங்க சத்தமாப் பேசக்கூடாது. மிக்ஸி போடக்கூடாது. தாளிக்கிற வாசம் போனா தட்டு பறக்கும். எங்க அத்தை காலையிலயே கோயிலுக்குப் போறேன்னு கெளம்பி அவங்க அக்கா வீட்ல போயி ஒக்காந்துக்குவாங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவரக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க உபதேசியாரே."

இதை அப்படியே ஐயரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கமிட்டி முடிந்ததும் தேவதாஸைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை நல்லாச் சாப்பிடுங்க. வீட்ல மத்தவங்க ஜெபம் பண்ணட்டும்" என்றார். தேவதாஸ் அதற்குப் பிறகு என் வணக்கத்தை வாங்கவே இல்லை. நான் வணக்கம் சொல்வதை நிறுத்தவும் இல்லை. அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

சாட்சி கிடைக்காத சபை செத்த சபை என்று தேவதாஸ் ஊர் ஊராகப் பேச ஆரம்பித்தார். எழுப்புதல் கூட்டம் வைத்தே ஆக வேண்டும் என்று கமிட்டியில் எல்லோரும் பிடிவாதமாக நின்றார்கள். ஐயர் கடைசியில் சம்மதித்தார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், சீரியல் லைட், சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார். வந்தவர் முதலில் ஏசி அறை கேட்டார். எங்கள் ஊரில் ஏசி இருந்தது பால் குளிரூட்டும் நிலையத்தில் மட்டும்தான். அங்கே படுக்க வைக்கலாமே என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. திருமங்கலத்தில் லாட்ஜ் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஜெயமணி வந்திருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிறவள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவள் புருஷன் பாண்டி டிராக்டர் ஓட்டுகிறவன். அவனும் அவன் வீட்டாரும் இந்துக்கள். அவள் கோயிலுக்கு வருவதை அவன் தடுத்ததில்லை, வீட்டில் மற்றவர்கள்தான் ஜாடை பேசுவார்கள். கவிதா என்று ஒரு சின்ன மகள். ஜெயமணிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மதுரை பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் தவறாமல் சாப்பிட்டு வந்ததால் சில வருஷங்களாக வராமல் இருந்தது. இது ஊருக்கே தெரியும்.

பிரசங்கியார் மேடையிலிருந்து, வலிப்பு வியாதி உள்ள ஒரு சகோதரியைக் கர்த்தர் இந்த நிமிஷம் தொடுகிறார் என்று அறிவித்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். வந்த அன்று மதியமே தேவதாஸ் அவரைச் சத்துணவுக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். ஜெயமணி நடுங்கிக்கொண்டே மேடை ஏறினாள். பிரசங்கியார் அவள் தலையில் கை வைத்தார், மைக்கை அவள் வாயருகே பிடித்தார், "சொல்லும்மா, சுகமாயிட்டேன்னு சொல்லு" என்றார். அவள் சொன்னாள். "இனி எனக்கு வலிப்பு இல்ல. மாத்திரை வேணாம்." பந்தலே எழுந்து கைதட்டியது. அல்லேலூயா சத்தம் கண்மாய்க் கரைவரை கேட்டது. மேடையின் ஓரத்து நாற்காலியில் பொன்னையா ஐயர் உட்கார்ந்திருந்தார். பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்த தேவதாஸ் அவர் தொடையில் கை வைத்தார். ஐயர் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பாண்டி என் வீட்டுக்கு வந்தான். வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று பேசினான்.

"உபதேசியாரண்ணே, அவ மாத்திரைய நெசமாவே நிறுத்திட்டா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. அடுப்படியில வேல பாக்குறவ அண்ணே. நீங்களாவது வந்து சொல்லுங்க."

போனேன். ஜெயமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாத்திரை போட்டா நான் மேடையில சொன்னது பொய்யாயிரும்ல. என் கொழுந்தனாரு, நாத்தனாரு அம்புட்டுப் பேரும் எப்ப விழுவான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. என்னையப் பொய்க்காரின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். சாமியச் சொல்லுவாங்கள்ல? நான் எப்படி உபதேசியாரே போடுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? இவள் சொந்த உயிரைப் பணயம் வைத்துக் கடவுளின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். இவளை மேடையேற்றியவர்களோ அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டீஸில் இவள் படமும் இருந்தது. ஐயர் போய்ப் பேசினார். அவரிடமும் அவள் அதே பதிலைச் சொன்னாள். தேவதாஸிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். "விசுவாசத்தைக் கெடுக்கிற வேல நமக்கு வேணாம் உபதேசியாரே" என்று சொல்லிவிட்டு மூட்டை எண்ணப் போய்விட்டார்.

ஒரு புதன்கிழமை சத்துணவுக் கூடத்தில் சோற்றுக் கஞ்சி வடிக்கும்போது ஜெயமணிக்கு வலிப்பு வந்தது. கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டியது. உதவியாளர் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்ததால் முகமும் உயிரும் தப்பின. யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவளது இடது கையில் திணித்தார்கள். பாண்டி தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் சபையார் வந்த அழகைச் சொல்ல வேண்டும். ஒரு வேனில் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். அவளுடைய விசுவாசம் குறைந்துவிட்டது, அதனால்தான் சத்துரு உள்ளே நுழைந்துவிட்டான் என்று கட்டிலில் கிடக்கிறவள் காதில் விழும்படி கடவுளிடம் தெரிவித்தார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளி என்னிடம், "இவங்க அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா, சண்டக்காரங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. திரும்பும்போது அழகர்கோவில் ரோட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

அவர்கள் போட்ட விதை நன்றாகவே முளைத்தது. மயக்கம் தெளிந்த ஜெயமணி மாத்திரையைத் துப்பினாள். என் விசுவாசம் போதவில்லை, இந்தத் தடவை உறுதியாக நிற்கிறேன் என்றாள். டாக்டர் பாண்டியை வெளியே கூப்பிட்டு, "இப்பிடியே விட்டா அடுத்த தடவ கையோட போகாது" என்று சொல்லிவிட்டார். பாண்டி சுவரில் சாய்ந்து நின்று அழுதான். கவிதா அவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் பொன்னையா ஐயர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு, "ஜெயமணி, பொய் சொன்னது நீ இல்லம்மா" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பினாள்.

"சாட்சின்னா வீட்ல விசாரிக்காம பேச விடக்கூடாதுன்னு நாந்தான் கட்டுப்பாடு வெச்சேன். அன்னைக்கு மேடையில நாந்தான் இருந்தேன். எந்திரிச்சுத் தடுத்திருக்கணும், எந்திரிக்கல. நாலு பேரு முன்னால அசிங்கமாப் போயிருமேன்னு பயந்துட்டேன். அது ஒன் சாட்சி இல்ல, என் பொய். குடிச்சுட்டு வந்தவன நான் பந்தியில இருந்து நிறுத்தி வெக்கிறேன். பொய்ச் சாட்சிக்கு நான் மட்டும் எப்பிடிப் பந்திக்குப் போறது? என்னால கெட்டுப்போனது சரியாகுற வரைக்கும் நான் கடைசி பெஞ்சுல ஒக்காருறேன்."

"ஐயா, அப்பிடியெல்லாம் பண்ணாதீங்க" என்று அவள் எழப் பார்த்தாள்.

"நீ மாத்திரை போடு, போடாட்டிப் போ. அது ஒன் விசயம். இது என் விசயம்." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்ப நான் வாரேம்மா" என்று போய்விட்டார்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. அதைத்தான் பேச்சில் பந்தி என்போம். பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியில் எல்லோரும் வரிசையாக முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். குடி, அடிதடி, இரண்டாம் கல்யாணம் என்று சிக்கியவர்களைச் சபை ஒழுங்கின் கீழ் வைத்திருப்பார்கள். அவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து வரக் கூடாது. வருகிறவர்களும் போகிறவர்களும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனையோ பேர் அந்த வெட்கத்துக்குப் பயந்தே குடியை விட்டார்கள். எத்தனையோ பேர் கோயிலை விட்டார்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, பக்கத்துச் சேகரத்து ஐயர் வந்து ஆராதனை நடத்தினார். பொன்னையா ஐயர் அங்கி இல்லாமல், வேட்டி சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே குடிக்காக நிறுத்தப்பட்டிருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பதறிப்போய், "ஐயா, இது ஒங்க எடம் இல்லய்யா" என்று எழுந்தார். "ஒக்காருப்பா. எம்புட்டு எடம் கெடக்கு" என்றார் ஐயர். நான் முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் நான் கைதட்டவில்லை, இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் திரும்பி வரும்போது கடைசி பெஞ்சைப் பார்க்காமல் நடந்தேன்.

சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஜெயமணி கை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் சேகரத்தின் மரியாதை என்ன ஆவது என்பதுதான் பேச்சு.

"மத்த சேகரத்துக்காரன் எல்லாம் கேலி பேசுறான். ஒரு பொம்பளைக்காக இப்பிடியா?" என்றார் தேவதாஸ்.

"நீங்களும் கைதட்டுனீங்க. மேடையில என் தொடையில கைய வெச்சு நிறுத்துனீங்க. வாங்க, பெஞ்சு நீளமாத்தான் இருக்கு" என்றார் ஐயர்.

யாரும் வரவில்லை. மேலிடத்துக்குப் புகார்தான் போனது. பந்தல் நிறையக் கைதட்டினார்களே, அதில் ஒரு கைகூட அந்தப் பெஞ்சின் பக்கம் வரவில்லை. இவர்களில் பாதிப் பேர் அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று வேதத்தில் சொல்லியிருக்கிற ஆவியின் கனிகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். தேவதாஸ் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார். கண்ணைத் திறந்தால் எதிரே யாராவது இருந்துவிடுவார்களோ என்ற பயமோ என்னவோ.

அடுத்த மாதமும் அப்படியே போனது. ஜெயமணி வீட்டுக்கு வந்துவிட்டாள், கோயிலுக்கு வரவில்லை. மாத்திரையும் போடவில்லை. பாண்டியை டீக்கடையில் பார்த்தேன்.

"ஒங்க ஐயரு இன்னும் பிரசாதம் வாங்காமத்தான் ஒக்காந்திருக்காராண்ணே?" என்று கேட்டான்.

"ஆமா."

"எங்க கோயில்ல பூசாரி இப்பிடி ஒக்காந்தா ஊரே தாங்காதுண்ணே. ஒங்காளுங்க எப்பிடித் தூங்குறாங்க?"

நன்றாகத்தான் தூங்குகிறார்கள் என்றேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவளிடம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது மாதத் திருவிருந்து. ஐயருக்கு மாற்றல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தேவதாஸ் முன் வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சனங்கள் கிராதிக்குப் போக எழுந்துகொண்டிருந்தபோது வாசலில் பாண்டியின் வண்டி நின்றது. ஜெயமணி உள்ளே வந்தாள். வலது கையில் கட்டு இல்லை. புண் ஆறியிருந்தது, ஆனால் விரல்கள் உள்ளே சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் ஐயர் முன்னால் நின்றாள்.

"மாத்திரை போட்டுட்டு வாரேன்யா. ஒரு வாரமாப் போடுறேன். எந்திரிங்க."

ஐயர் எழவில்லை. "எனக்காகப் போட்டியா?"

"இல்லய்யா. கவிதாவப் பாத்துக்கிட ஒரு கையாவது வேணும்ல. போன வாரம் ஒரு கையால அவளுக்குச் சடை பின்னப் பாத்தேன், முடியல. அவ, 'பரவால்லம்மா, அவுத்தே விடு'ன்னா. இன்னொரு கையும் போச்சுன்னா நான் எதுக்குய்யா?"

பிறகு அவளாகவே சபையைப் பார்த்துத் திரும்பினாள். மைக் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு வலிப்பு இன்னும் இருக்கு. மாத்திரை போடுறேன். கர்த்தர் என்னையக் கைவிடல. ரெண்டும் நெசந்தான்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. தேவதாஸ் கீதப் புத்தகத்தைப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஐயர் எழுந்தார். தன் பக்கத்தில் இருந்த குடிகாரரின் தோளைத் தட்டிவிட்டு, ஜெயமணியோடு நடந்து போய்க் கிராதியில் முழங்காலிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பம் கொடுக்கும் ஐயர் வந்தார். இடது கையின் மேல் வலது கையை விரித்து வைத்து வாங்குவது எங்கள் முறை. அவளுடைய வலது கை விரியவில்லை. அவள் வெட்கப்பட்டுப் புடவைத் தலைப்பால் மறைக்கப் பார்த்தாள். பொன்னையா ஐயர் அந்தச் சுருண்ட கையின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார். அவர் உள்ளங்கையில் விழுந்த அப்பத்தை அவள் குனிந்து வாயால் எடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் இப்போதும் அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஐயருக்கு மாற்றல் வந்தது. மழைக்கோட்டும் மஞ்சள் பையுமாக டிவிஎஸ் வண்டியில் போய்ச் சேர்ந்தார். தேவதாஸ் அதே டைல்ஸ் கோயிலில் நீண்ட நாள் செயலாளராக இருந்து, பெரிய சாவாகச் செத்தார். கனி நிறைந்த வாழ்வு என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். எழுத்து அழகாக வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு முகாமில் பேசக் கூப்பிட்டார்கள். கனிதரும் வாழ்வு பற்றி உற்சாகமாக ஏதாவது சொல்லுங்கள், நெகட்டிவ் வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், இதைச் சொன்னேன். இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக, தேவதாஸை விட்டுவிட்டுச் சொன்னேன். முடித்ததும் முன் வரிசையில் ஒரு வாலிபன் கையைத் தூக்கினான். நல்ல பையன், குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, கடைசியில அந்த சிஸ்டருக்கு வலிப்பு பூரணமா சுகமாயிருச்சுங்களா?"

"இல்ல தம்பி. இன்னைக்கும் மாத்திரைதான் போடுது. அந்தக் கையும் விரியல. மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு."

அவன் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடினான். உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"அப்ப இதுல சாட்சி எங்கய்யா இருக்கு?"

மேடையிலிருந்து இறங்கி, மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.